ஒன்று விடாமல்

என் மனைவியின் நினைவில் பூபதி நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிகளில் வருகிறார். நான் ஆயிரத்து முப்பத்தாறு வரிகளில் வருகிறேன். இது சனிக்கிழமை காலை பத்தரை மணி நிலவரம். போன சனிக்கிழமை நான் ஆயிரத்து இருபத்தொன்பது. வாரத்துக்கு ஏழு கூடுகிறேன். பூபதி கூடமாட்டார், அவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. இதே வேகத்தில் போனால் அவரை எட்டிப் பிடிக்க எனக்கு எட்டரை வருடம் ஆகும். கால்குலேட்டரில் போட்டே பார்த்துவிட்டேன்.

செத்துப்போனவர் மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் பெயர் வேறு தயாளன். பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

பூபதி நித்திலாவின் முதல் கணவர். நெசவு இயந்திரங்கள் விற்கிற வேலை, நன்றாகப் பாடுவாராம், இருக்கிற இடம் கலகலவென்று இருக்குமாம். ஒன்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். கணையம் கெட்டு இறந்தார். இரண்டு வருடம் கழித்து நான் நித்திலாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியின் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. பாடமாட்டேன். நான் இருக்கிற இடத்தில் அளவுமானிகள்தான் இருக்கும்.

போன வருடம் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"நடந்தது எதுவும் மறக்காதுங்க. யார் செஞ்சாங்கங்கறதுதான் போயிரும். கல்யாணம் ஆனது ஞாபகம் இருக்கும், தாலி கட்டினது யாருன்னு தெரியாது. இன்னும் ஆறு வாரம் டைம் இருக்கு. அதுக்குள்ள சில்லு வெச்சுட்டா, ஒவ்வொரு ஞாபகத்தையும் அது ஒரு வரியா எழுதி வெச்சுக்கும். அப்புறம் அவங்க எதை நினைச்சாலும், அதுல யாருன்னு சில்லு எடுத்துக் குடுக்கும். பேர் எதுவோ அந்த முகம் வரும்."

காதுக்குப் பின்னால் வைத்தார்கள். ஆறு வாரம் அவள் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு தன் முப்பத்தெட்டு வருடத்தையும் நினைத்து முடித்தாள். சில்லு எழுதிக்கொண்டது. வரிகளில் தேதி கிடையாது. நினைவுக்கு ஏது தேதி?

வண்ணத் திரையும் தேன் குரலுமாகக் கம்பெனிச் சில்லுகளும் கிடைக்கின்றன. ஆனால் அதில் மனுஷி மனதின் நகல் ஒன்று கம்பெனிக் கிடங்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் வாங்கியது பொதுச் சில்லு. உலகம் முழுக்க யார் யாரோ சேர்ந்து எழுதி, யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று சும்மா கொடுத்திருக்கிற திறந்த மூல இயங்குதளம் அதில் ஓடுகிறது. நகல் வீட்டில் மட்டும்தான் இருக்கும். அழுத்துவதற்குப் பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, மினுக்கும் ஒரு கோடு. நமக்கு வேண்டியதைக் கட்டளையாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அதனால் வீட்டில் பராமரிக்கப் போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே பத்து நாள் வகுப்பு. என் பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர், அவருக்கு அந்தப் பக்கம் மகனுக்காக வந்திருந்த பூக்கடை அம்மா. ரெஜினா மேடம் சொல்லிக் கொடுத்தார்.

"எல்.எஸ் அடிச்சா உள்ள என்னென்ன கோப்பு இருக்குன்னு பேர் மட்டும் காட்டும். சி.டி அடிச்சா அந்த அறைக்குள்ள போவீங்க. சி.பி நகலெடுக்கும். எம்.வி இடம் மாத்தும். ஆர்.எம் அடிச்சா அழிச்சுரும், நெசமாவான்னு ஒரு வார்த்தை கேக்காது. கிரெப் சல்லடை மாதிரி, நீங்க குடுக்கற சொல் இருக்கற வரியை மட்டும் சலிச்சு எடுக்கும். கேட் அடிச்சா மொத்தக் கோப்பையும் விரிச்சுக் காட்டிரும். அதை மட்டும் அடிக்காதீங்க. அது அடுத்தவங்க மனசு."

"அப்புறம் கோப்பு நல்லா இருக்குதான்னு எப்படிப் பாக்கறதுங்க?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"கிரெப் கூட ஒரு 'சி' சேருங்க. எத்தனை வரின்னு எண்ணிக்கை மட்டும் சொல்லும். போன வாரத்தை விடக் குறைஞ்சிருந்தா எங்ககிட்ட வாங்க."

கடைசி நாள் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தோம். 'எண்ணுவேன், படிக்க மாட்டேன்.' பொதுச் சில்லுக்காரர்களிடையே அது ஒரு மரபு. நான் ஒரு வருடம் அதைக் காப்பாற்றினேன். ஒரு வரி படிக்கவில்லை. எண்ணினேன், அவ்வளவுதான்.

ஆனால் எண்ணுவதற்கு எல்லை உண்டா? ஒரு சல்லடையில் விழுந்ததை இன்னொரு சல்லடையில் கொட்டலாம். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஒரு நிற்கும் கோடு போட்டால் போதும். பூபதி என்று சலித்து, அதைச் சிரிப்பு என்று சலித்தேன். அறுநூற்றுப் பதினொன்று. தயாளன் என்று சலித்து, சிரிப்பு என்று சலித்தேன். தொண்ணூற்று நான்கு. பூபதியும் பாட்டும் இருநூற்று முப்பது. தயாளனும் பாட்டும் சைபர். பூபதியும் மழையும். பூபதியும் மல்லிகையும். ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக ஒரு சொல் யோசித்து வைத்திருப்பேன். ஒவ்வொன்றிலும் தோற்பேன். வயிறு எரியும். எரிய எரிய அடுத்த சொல்லைத் தேடுவேன். புண்ணைச் சொறிவதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது.

அவள் பூபதியை மாமா என்பாள். "பூபதி மாமா இருந்தப்போ" என்று பேச்சுவாக்கில் வரும். என்னை 'என்னங்க'தான். தபால்காரரையும் அவள் என்னங்க என்றுதான் கூப்பிடுகிறாள்.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல அவள் காதுக்குப் பின்னால் இணைப்பை மாட்டிவிட்டு நான் மேஜையில் உட்கார்ந்தேன். அவள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தனக்குத்தானே சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க."

"சொல்லேன்."

"பூபதி மாமா ஒருக்கா... அட, உங்களுக்கு அது புரியாதுங்க."

எனக்குப் புரியாதாம். திரையில் எண்ணிக்கை நின்றுகொண்டிருந்தது, நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. வகுப்பில் ஒன்பதாம் நாள் சொல்லிக் கொடுத்த ஒரு கட்டளை உண்டு, செட் என்று பெயர். உறவினர் பெயர் தப்பாகப் பதிவாகியிருந்தால் திருத்துவதற்கு. பழைய பெயர், ஒரு சாய்கோடு, புதிய பெயர், இன்னொரு சாய்கோடு. கடைசியில் 'ஜி' என்று ஓர் எழுத்து போட்டால், வரிக்கு ஒன்று என்று நிற்காமல் வருகிற இடத்தில் எல்லாம் மாற்றிவிடும். ஒன்று விடாமல்.

பழைய பெயர் பூபதி. புதிய பெயர் தயாளன். ஜி.

அடித்தேன். இந்தக் கட்டளைகளுக்கு ஒரு குணம், வேலை நடந்துவிட்டால் ஒன்றும் பேசாது. கோடு அடுத்த வரிக்கு இறங்கி மினுக்கியது. பூபதியை எண்ணினேன், சைபர். வாழ்க்கையில் எந்த எண்ணைப் பார்த்தும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. பிறகு, சனிக்கிழமை வேலை எல்லாவற்றையும் முறையாக முடித்தேன். கடைசி வேலை வீட்டுப் பெட்டியில் வாரநகல் எடுத்து வைப்பது. எடுத்து வைத்தேன், பழைய நகலின் மேலேயே. சி.பியும் கேள்வி கேட்காது.

இணைப்பைக் கழற்றினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "மாமா, அவரைக்காய் பொரியல் பண்ணட்டுமா, கூட்டு பண்ணட்டுமா?" என்றாள்.

யாரை எப்படிக் கூப்பிடுவாள் என்பதற்குத் தனியாக ஒரு கோப்பு. அதிலும் பெயர் மாறியிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. வால்பாறையில் யானை வழிமறித்தபோது நான் காருக்குள் உட்கார்ந்து பயத்தில் தாலாட்டுப் பாடினேனாம், சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் வால்பாறைக்குப் போனதே கிடையாது. ஆமாம் ஆமாம் என்றேன். அவள் தம்பி கல்யாணத்தில் நான் பந்தியில் ஏழு ஜாங்கிரி சாப்பிட்டேனாம். எனக்கு ஜாங்கிரி பிடிக்காது. பிடிக்கும் என்று ஆக்கிக்கொண்டேன்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. "அப்பல்லாம் எப்படிப் பாடுவீங்க மாமா. இப்ப ஏன் ஒரு பாட்டும் காணோம்?" என்பாள். "முன்ன மாதிரி நீங்க இல்லீங்க" என்பாள். முன்பு பூபதியோடு ஒப்பிட்டுத் தோற்றேன். இப்போது என்னோடேயே ஒப்பிட்டுத் தோற்றேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மெதுவாகப் பாடிப் பழகிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பதிமூன்றாம் நாள் சமையலறைப் பரணிலிருந்து இட்லிப் பானையை எடுக்கக் கையை உயர்த்தினேன். அவள் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே குறுகி உட்கார்ந்து இடது காதைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம் மாமா. இன்னிக்கு நான் ஒண்ணும் பண்ணலியே மாமா."

பானையை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு முற்றிலும் புதியது. அருகில் போனேன், இன்னும் குறுகினாள். அன்றிலிருந்து அடுக்களைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் சமைத்தாள்.

மறுநாள் அவளிடம் கெஞ்சி இணைப்பை மாட்டி, தயாளனை அடி என்ற சொல்லால் சலித்தேன். எழுபத்து மூன்று. பயம், இருநூற்று எட்டு. ஒரு வருடமாக நான் சிரிப்பையும் பாட்டையும் மல்லிகையையும்தான் தேடியிருந்தேன். இந்தச் சொற்களைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு உறுதிமொழியை மீறிப் படித்தேன். 'தயாளன் கை ஓங்கினார். இடது காதில் இரைச்சல் இரண்டு நாள் நிற்கவில்லை.' 'தயாளன் வெளியே பூட்டிவிட்டுப் போனார். மழை.' மழையும் பூபதியும் என்று சலித்து நான் வயிறெரிந்தேனே, அந்த மழை.

ரெஜினா மேடத்திடம் ஓடினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடி வைத்தார்.

"திருப்பி மாத்துங்க மேடம். தயாளனை எடுத்துட்டுப் பூபதின்னு போட்டா சரியாயிருமில்ல?"

"அப்ப நீங்க எங்க போவீங்க சார்? ஐயாயிரம் வரி. எல்லாத்துலயும் தயாளன். இதுல எது நீங்க, எது அவர்? ரெண்டு பாத்திரத்துப் பாலை ஒண்ணாக் கொட்டிட்டு பிரிச்சுக் குடுன்னா எப்படி? பழைய நகல் இருக்கா?"

"அது மேலயே எழுதிட்டேன்."

"நல்லது" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "அவர் இறந்தது எப்போ?" என்று கேட்டார்.

"இன்னும் பதினோரு நாள்ல தெவசம். அவர் தங்கச்சி வரும்."

"சார், இப்ப அந்த வரிகள்ல செத்தது யாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தெவசத்தன்னிக்கு அவங்க அதையெல்லாம் வரிசையா நினைப்பாங்க. ஆஸ்பத்திரி, தகனம், துக்கம் கேட்டு வந்தவங்க. எல்லாத்துலயும் செத்தது தயாளன். எதிர்ல நீங்க நிப்பீங்க. வேற ஊர்ல ஒரு அம்மாவுக்கு இப்படி ஆச்சு. புருஷன் வேஷத்துல யாரோ வந்திருக்கான்னு கத்தினாங்க. மூணு வருஷமாச்சு, இன்னும் வீட்டுக்குள்ள விடல. ஒரு தடவ மூளை அப்படி முடிவு பண்ணிட்டா சில்லு சொன்னாலும் கேக்காது."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"கட்டளை எதுவும் உதவாது. கையாலதான். ஒவ்வொரு வரியாப் படிச்சு, இது அவர், இது நான்னு நீங்களே முடிவு பண்ணி எழுதணும். அடிதடி வரியை மட்டும் திருப்பிக் குடுத்துட்டு நல்லதை எல்லாம் வெச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. ஒரே ஆள் பாதி செத்தும் பாதி உயிரோடவும் இருந்தா சில்லு குழம்பிரும்."

"நித்திலாகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லணும். நான் சொன்னா நீங்க கேக்கப்போறதில்ல" என்றார். அது உண்மைதான். நான் சொல்லவில்லை.

கம்பெனியில் லீவு போட்டேன். ரெஜினா மேடம் சில்லைச் சுத்தம் செய்யச் சொன்னார் என்று நித்திலாவிடம் பொய் சொல்லி, காலையில் கோப்பைத் திறந்தால் வெளிச்சம் இருக்கும்வரை உட்கார்ந்தேன். மாலையில் திருத்தியதைச் சில்லுக்கு ஏற்றுவேன். அடிகளை முதலில் திருப்பிக் கொடுத்தேன். அதில் எனக்கு நல்ல வேகம் இருந்தது. மூன்றாம் நாளே அவள் அடுக்களைக் கதவைத் தாழ் போடுவதை நிறுத்தினாள். ஆறாம் நாள் மாமா போய் என்னங்க வந்தது.

சாவைக் கொடுப்பதும் சுலபமாக இருந்தது. சிரிப்புதான் கையை விட்டுப் போக மறுத்தது. வால்பாறை யானையின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன என்று இருந்தது. பிறகு தயாளனை அழித்துப் பூபதி என்று எழுதினேன். அவ்வளவு அடி அடித்தவன், இவ்வளவு சிரிக்க வைத்திருக்கிறான். அடித்ததற்காக அவர்மேல் வந்த கோபத்தைவிட, அடித்த பிறகும் அவளால் இப்படி நினைத்துச் சிரிக்க முடிகிறதே என்கிற எரிச்சல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

தெரியாததற்குத் திருப்பூரில் இருந்த பூபதியின் தங்கை பிரவீணாவைப் போனில் கேட்டேன். சில்லில் கொஞ்சம் கோளாறு என்று சொல்லியிருந்தேன்.

"உங்கண்ணன் பழனிக்கு நடந்து போயிருக்காரா?"

"எங்கண்ணனா? தெருமுனைக் கடைக்கே வண்டியிலதான் போவானுங்ணா."

அப்படியானால் பழனி நான். நாங்கள் போனோம், எனக்குக் கால் கொப்புளம்தான் நினைவிருக்கிறது. அந்த வரியில் அவள் நினைத்துவைத்திருந்தது வேறு என்னென்னவோ.

'கோபத்தில் காபி டம்ளரைச் சுவரில் எறிந்தார்.' இது பூபதி என்று யோசிக்காமல் மாற்றினேன். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது எதிர்ச் சுவரில் பழுப்புக் கறை தெரிந்தது. இந்த வீட்டுக்குப் பூபதி வந்ததே இல்லை. எச்சில் கையைக் கழுவிவிட்டுப் போய்த் தயாளன் என்று மறுபடி எழுதினேன்.

பத்தாம் நாள் மாலை ஒரே ஒரு வரி மிஞ்சியது.

'மாடிப்படியில் செருப்பு வார் அறுந்தது. தயாளன் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னூசி போட்டுக் கோத்துக் கொடுத்தார். இந்த மனுஷன்கூட இருந்தால் பயமில்லை என்று தோன்றியது.'

எந்த மாடி என்று இல்லை. நான் யாருக்கும் செருப்புக் கோத்துக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. பிரவீணாவின் போன் அணைந்திருந்தது. பத்து நாளில் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது, வரி இனிப்பாக இருந்தால் அது என்னுடையதாக இருக்காது. இதைவிட இனிப்பாக ஐயாயிரத்தில் இன்னொன்று இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பூபதி என்று எழுதினேன். ஏற்றிவிட்டேன்.

தெவசத்தன்று பிரவீணா பத்து மணி பஸ்ஸில் வந்தாள். பூபதி படத்துக்கு இலை போட்டுப் படையல் வைத்தார்கள். நித்திலா கொஞ்சம் அழுதாள். அழுகையோடே என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னங்க, அந்த ஊதுபத்தியை எடுங்க" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பூபதி செத்திருந்தார். நான் இருந்தேன்.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் ஊற்றும்போது நித்திலா சொன்னாள்.

"என்ன இருந்தாலும் பூபதி மாமாகிட்ட ஒரு ஈரம் இருந்துச்சு பிரவீணா. ஒருக்கா ஆஸ்பத்திரிப் படியில என் செருப்பு அந்து போச்சு. நான் அழுதுட்டு உக்காந்திருக்கேன். மாமா பக்கத்துல வந்து உக்காந்து, ஒரு வார்த்தை கேக்காம பின்னூசியில கோத்துக் குடுத்தாங்க."

பிரவீணா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "எங்கண்ணனா? எந்த ஆஸ்பத்திரி அண்ணி?"

"அதான், ஐசியூவுக்கு ரத்தம் வேணும்னு சீட்டுக் குடுத்தாங்களே. அதைத் தூக்கிட்டு ஓடி வந்தேன், மூணாவது மாடியில இருந்து."

"ஐசியூல படுத்திருந்ததே அண்ணன்தானுங்களே அண்ணி."

நித்திலாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "ஆமா" என்றாள். "மாமா மேல இருந்தாங்க. நான் கீழ வந்தேன். அப்ப பக்கத்துல உக்காந்திருந்தது யாரு?"

பூபதி இறந்த அந்த மாதம் என் அப்பா அதே ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்துக்காகக் கிடந்தார். கம்பெனி அட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ள நான் எப்போதும் பின்னூசி வைத்திருப்பேன். படியில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை எனக்கு நினைவே இல்லை. ஆனால் நான் கலந்துவைத்தது இரண்டு பெயர்களைத்தான். அவர் இல்லை என்றால் நான். இரண்டு வருடம் கழித்துப் பெண் பார்க்கப் போனபோதுதான் அவளை முதன்முதலில் சந்தித்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் அன்று என்னை அடையாளம் கண்டுதான் சரி என்றிருக்கிறாள். அன்றைக்கு என்மேல் பொறாமைப்பட வேண்டியவர் பூபதி, அவரோ மூன்றாவது மாடியில் படுத்திருந்திருக்கிறார்.

"அது நான் நித்திலா" என்றேன்.

"அப்புறம் ஏன் எனக்கு மாமா முகம் வருது?"

சொன்னேன். சனிக்கிழமை எண்ணிக்கைகள், செட், ஜி, வாரநகல், பத்து நாள், எல்லாம். இலையில் ரசம் ஓடிக் கீழே சொட்டியது. யாரும் துடைக்கவில்லை. அவள் கேட்டு முடித்து,

"அப்ப, அந்த அடி எல்லாம் நீங்க அடிச்சதுன்னு நான் நாலஞ்சு நாள் நடுங்கிட்டுக் கிடந்தது..." என்றாள்.

"எனக்குத் தெரியாது நித்திலா. சத்தியமா நான் எண்ணத்தான் செஞ்சேன். ஒரு வரி படிக்கல."

"படிச்சிருந்தாப் பரவால்லீங்க" என்றாள்.

பிரவீணாவை உட்கார வைத்து மோர் ஊற்றினாள். அவள் சாப்பிட்டு முடித்ததும் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். நேராக மேஜைக்குப் போய்த் தானே காதுக்குப் பின்னால் இணைப்பை மாட்டிக்கொண்டாள். நோயாளிகளுக்கும் வகுப்பு உண்டு. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள். முதலில் கடவுச்சொல்லை மாற்றினாள். பிறகு என் பெயரில் இருந்த அனுமதிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள், எழுதுவதை, படிப்பதை, எண்ணுவதை.

"அந்த ஒரு வரியை மட்டும் சரி பண்ணிரு" என்றேன். "அது நான்தான். வேற யாராவும் இருக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாரு."

"கணக்கு உங்களுதுங்க. நீங்க சொல்ற பேரை இனி நான் எப்படி எழுதறது?"

"அப்ப பூபதின்னே விட்டுருவியா?"

அவள் மறுபடி திரையின் பக்கம் திரும்பினாள். வெகுநேரம் தட்டினாள். முடித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள், ஒருமுறை படிப்பதற்கு.

'மாடிப்படியில் செருப்பு வார் அறுந்தது. ஒருவர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னூசி போட்டுக் கோத்துக் கொடுத்தார். இந்த மனுஷன்கூட இருந்தால் பயமில்லை என்று தோன்றியது.'

இது நடந்து மூன்று மாதமாகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். காபி கொடுக்கிறாள், என்னங்க என்கிறாள். சில சமயம் நார் உரித்துக்கொண்டே இருப்பவள் கையை நிறுத்தி, கண்ணைத் தாழ்த்தி லேசாகச் சிரிக்கிறாள். அது பூபதிக்கான சிரிப்பு இல்லை, அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இது அந்தப் படியில் உட்கார்ந்தவனுக்கு. முகம் இல்லாத அந்த ஆளைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.